வரப்புல ஓடத் தெரிஞ்சவனுக்குக் காடு பயமில்லை

அறுப்பு முடிஞ்சு, வைக்கோலை ஏத்திப் போர் போட்டாச்சு. இனி ஒரு கோடை மழை பெய்ஞ்சு உழவு ஆரம்பிக்கிற வரைக்கும் கொஞ்சம் உட்கார நேரம் இருக்கு. அதான் ரெண்டு மாசம் கழிச்சு எழுதுறேன். இந்தத் தடவை நெல்லைப் பத்தியோ கண்மாய்த் தண்ணியைப் பத்தியோ இல்லை, ஓட்டத்தைப் பத்தி. ‘அம்பத்தாறு வயசுல இந்த ஆளுக்கு என்ன ஓட்டம்’னு சிரிக்காதீங்க. கடைசி வரைக்கும் படிங்க. உங்ககிட்ட ஒரு காரியம் கேக்க வேண்டியிருக்கு.

பொங்கலுக்கு எங்க அக்கா மகன் பெங்களூருல இருந்து வந்திருந்தான். கம்ப்யூட்டர் வேலை. மாட்டுப் பொங்கல் அன்னைக்கு விடியக்காலையில ஷூவை மாட்டிக்கிட்டு வயல் பக்கம் ஓடப் போனான். கதிர் முத்தித் தலை சாஞ்சு நிக்கிற நேரம். வரப்புப் புல்லு பூராம் பனி. மூணாவது வரப்பு திரும்புறதுக்குள்ள வழுக்கிக் கதிருக்குள்ள விழுந்தான். அரை மரக்கால் நெல்லாவது உதிர்ந்திருக்கும். நான் மாட்டைக் குளிப்பாட்ட ஓட்டிக்கிட்டு எதுத்தாப்புல வர்றேன்.

“என்ன மாப்ளே, எட்டு மூட்டை நெல்லு விலைக்கு ஷூ வாங்கியும் நிக்க மாட்டேங்குதா?”

“சிரிக்காதீங்க மாமா. இதைப் பழகத்தான் இந்தத் தடவை நாலு நாள் சேத்து லீவு போட்டேன்” அப்படின்னான்.

பிறகு உட்கார வச்சுக் கேட்டேன். ஓரியன்டியரிங்னு ஒரு விளையாட்டு இருக்காம். கையில ஒரு வரைபடமும் திசைகாட்டியும் கொடுத்துருவாங்க. காட்டுக்குள்ள அங்கங்க ஆரஞ்சும் வெள்ளையுமா சின்னக் கொடி கட்டியிருக்கும். வரைபடத்துல போட்டிருக்கிற வரிசைப்படி ஒவ்வொரு கொடியையும் கண்டுபிடிச்சு, யார் முதல்ல முடிக்கிறாங்களோ அவங்க ஜெயிச்சவங்க. பாதை இதுதான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அதை நாமதான் முடிவு பண்ணணும். சுவீடன் நாட்டு ராணுவத்துல பயிற்சியா இருந்ததாம். 1919-ல எர்ன்ஸ்ட் கில்லாண்டர்ங்கிற ராணுவ அதிகாரி ஸ்டாக்ஹோம் பக்கத்துல பெரிசா ஒரு போட்டி நடத்தினதுக்கு அப்புறம் பொது ஜனங்க விளையாட்டா ஆகியிருக்கு.

மாப்ளைக்கு வரைபடம் படிக்கிறதெல்லாம் நல்லா வருது. ஓட்டந்தான் வரலை. தார் ரோட்டுல அஞ்சு கிலோமீட்டரை இருபத்தஞ்சு நிமிஷத்துல ஓடுறவன், காட்டுக்குள்ள அதே தூரத்துக்கு ஒரு மணி நேரம் ஆக்குறான். ரெண்டு தடவை கணுக்கால் பிசகியிருக்கு. “நீங்க செருப்பில்லாம வரப்புல மாட்டு பின்னாடி ஓடுறீங்களே, அது எப்படி மாமா?”ன்னு கேட்டான்.

எனக்குப் பதில் தெரியலை. சின்ன வயசுலேருந்து ஓடுறேன், ஆனா எப்படி ஓடுறேன்னு யோசிச்சதே இல்லை. அந்த நாலு நாளும் அவன் என் பின்னாடியே ஓடினான், போன்ல படம் பிடிச்சான், ரெண்டு பேருமா உட்கார்ந்து பாத்தோம். அதுல நாங்க கண்டதை முதல்ல சொல்லிடுறேன். மலை ஏறப் போறவங்க, காட்டுப் பாதையில ஓடுறவங்க உங்களுக்குள்ள இருப்பீங்க, அவங்களுக்கு உதவும்.

முதல் விஷயம் கண்ணு. மாப்ளே தன் பெருவிரலைப் பாத்தே ஓடினான். காலடியில கல் தெரியுறப்ப கால் ஏற்கனவே கீழ இறங்கியிருக்கும், ஒண்ணும் பண்ண முடியாது. நான் பாக்குறது நாலஞ்சு அடி எடுத்து வைக்கிற தூரத்துக்கு முன்னாடி. எலி வளை எங்க, வரப்பு எங்க உடைஞ்சிருக்கு, எங்க ஈரம் மினுங்குதுன்னு கண்ணு பாத்துக் கொடுத்துரும். அந்த இடம் வர்றப்ப கால் தானா விலகிப் போகும். ஏர் ஓட்டுறவன் கொழுவையே பாத்தா சால் கோணும்னு எங்க அய்யா சொல்வாரு. ஓட்டத்துக்கும் அதேதான்.

ரெண்டாவது, அடி சின்னதா இருக்கணும். ரோட்டுல எட்டி எட்டி வச்சுப் பழகினவங்க காட்டுலயும் எட்டித்தான் வைப்பாங்க. எட்டி வச்சா கால் உடம்புக்கு முன்னாடி போய் விழும். கீழ இருக்கிற மண்ணு சறுக்கினா உடம்பு பின்னாடி தங்கிரும், மல்லாக்க விழ வேண்டியதுதான். சின்னச் சின்ன அடியா வெரசா வச்சா கால் இடுப்புக்கு நேர் கீழயே விழும். ஒரு அடி தப்பினாலும் அடுத்த அடி வந்து தாங்கிக்கும். எந்த அடியிலயும் முழுப் பாரத்தையும் நம்பிக் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

இதுல எனக்குக் குரு எங்க ஆத்தா. மிஷின் அறுப்பு வர்றதுக்கு முன்னாடி பொம்பளையாளுக கதிர்க்கட்டைத் தலையில வச்சுக்கிட்டு ஒரு சாண் வரப்புல ஓட்டமும் நடையுமா களத்துக்கு வருவாங்க. தலையில கட்டு ஆடாது. முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கும், இடுப்புக்குக் கீழதான் வேலை நடக்கும். காடு மேட்டுல ஓட வேண்டிய விதம் அதுதான். முழங்காலை விறைச்சா ஒவ்வொரு பள்ளமும் முதுகுல இடிக்கும்.

மூணாவது, கணுக்கால். கல்லோட ஓரத்துல மிதிச்சா பாதம் உள்பக்கமா மடங்கும், வெளிப்பக்கத்து நரம்பு இழுத்துக்கும். பழகின கால், மடங்க ஆரம்பிக்கிறப்பவே தெரிஞ்சு பாரத்தை எடுத்துரும். மெத்தை மாதிரி ஷூவுக்குள்ளயே வளர்ந்த காலுக்கு அந்தச் சேதி நேரத்துக்குப் போய்ச் சேராது. மாப்ளையைக் கண்ணை மூடி ஒத்தைக் கால்ல நிக்கச் சொன்னேன். பத்து எண்றதுக்குள்ள சாஞ்சுட்டான். தினமும் பல் விளக்குறப்ப ஒத்தைக் கால்ல நில்லு, மாத்தி மாத்தி நில்லுன்னு சொல்லி அனுப்பினேன். இதுக்குக் காசும் வேண்டாம், காடும் வேண்டாம். அதுக்காகச் செருப்பில்லாம காட்டுல ஓடுங்கன்னு நான் சொல்லலை. கருவேல முள்ளு டிராக்டர் டயரையே பஞ்சராக்கும். அடியில நல்லாப் புடிமானம் உள்ள, ரொம்ப மொத்தமில்லாத ஷூவும், முழங்கால் வரைக்கும் மூடுற துணியும் வேணும்.

நாலாவது, இறக்கம். கண்மாய்க்கரை மேல இருந்து உள்வாய்க்கு இறங்குறப்ப மாப்ளே பயந்து பின்னாடி சாஞ்சான். அப்படிச் சாஞ்சா குதிகால் வழுக்கும். உடம்பைச் சரிவோட சரிவா முன்னாடி விட்டு, கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டு, தட்டுத் தட்டுன்னு சின்ன அடியா இறங்கணும். கோழி கூரையில இருந்து இறங்குறப்ப இறக்கையை விரிக்குதுல்ல, அந்த மாதிரி. ஏத்தத்துல நேர் எதிர். ஓட முடியலைன்னா முழங்கால்ல கை ஊனி நடந்து ஏறுங்க. அதுல வெக்கமில்லை. மேல போறப்ப மூச்சு மிச்சம் இருக்கிறவன்தான் முந்துவான்.

அஞ்சாவதுதான் பெரிசு. எங்க ஓடக் கூடாதுன்னு தெரியணும். அந்த விளையாட்டு வரைபடத்துல நிறத்துக்கு ஒரு கணக்கு இருக்கு. வெள்ளையா விட்டிருந்தா தாராளமா ஓடக்கூடிய காடு. மஞ்சள்னா வெட்டவெளி. பச்சைன்னா புதர், பச்சை கறுக்கக் கறுக்க ஓட்டம் கஷ்டம். நேரா போனா நானூறு மீட்டர் முள்ளுன்னும், சுத்திப் போனா எழுநூறு மீட்டர் வண்டிப்பாதைன்னும் வச்சுக்குங்க. சுத்திப் போறவன்தான் அனேகமா முதல்ல போய்ச் சேருவான். அதே மாதிரி கொடி பக்கத்துல வந்துட்டா வேகத்தைக் குறைக்கணும். வரைபடத்தைப் படிக்க முடியாத வேகத்துல ஓடினா, தப்பான இடத்துக்குத்தான் வெரசா போய்ச் சேருவோம். எங்க ஊர்ல ஆடு தேடப் போறவனுக்கு இது தெரியும். தடம் தெரியுற வரைக்கும் ஓடுவான், தடம் தப்புற இடத்துல நின்னுருவான்.

காடு மேட்டு ஓட்டம் பட்டணத்து ஜிம்முல வர்ற வித்தை இல்லைன்னு நான் சொன்னதுக்கு, மாப்ளே போன்ல ஒருத்தரைக் காட்டினான். ஜாஸ் நெய்லர்னு இங்கிலாந்துல லேக் டிஸ்ட்ரிக்ட் பக்கத்து ஆட்டுக்காரர். குன்றுல ஆடு மேய்ச்சுப் பழகின காலு. 1975-ல ஒரு நாளைக்குள்ள, அதாவது 24 மணி நேரத்துக்குள்ள, 72 குன்று ஏறி இறங்கியிருக்காரு. 2006-ல எழுபது வயசுல எழுபது குன்று ஓடினாரு. 2024-ல காலமாயிட்டாரு. எனக்கு மனசு குளுந்து போச்சு. நம்ம சாதிதான், விவசாயச் சாதி.

சரி, இது வரைக்கும் சொன்னது மாப்ளைக்கு. அவன் பெங்களூருக்குப் போயிட்டான். அவன் போனப்புறம் எனக்கு ஒரு நினைப்பு வந்து ஒட்டிக்கிச்சு, அதை இறக்கி வைக்கத்தான் இந்தப் பதிவு. பட்டணத்துப் பிள்ளை லீவு போட்டு, காசு செலவழிச்சுத் தேடி வர்ற மேடு பள்ளம் எங்க ஊர்ல சும்மா கிடக்கு. எங்க ஊர்ப் பிள்ளைக அதுல ஓடலை. எல்லாம் கிழக்குக் கடற்கரைச் சாலையில ஓடுதுக.

காலம்பற அஞ்சு மணிக்கு மீமிசல்ல இருந்து கோட்டைப்பட்டினம் பக்கமோ, தெக்க எஸ்.பி.பட்டினம் பக்கமோ வண்டியில போய்ப் பாருங்க. இருட்டுல ரெண்டு ரெண்டு பேரா பையங்களும் பொண்ணுகளும் ஓடிக்கிட்டிருப்பாங்க. போலீஸ் வேலைக்கும் பட்டாளத்துக்கும் தயாராகுறவங்க. போலீஸ் தேர்வுல ஆம்பளைப் பசங்க 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துல ஓடணும், பொம்பளைப் பிள்ளைங்க 400 மீட்டரை ரெண்டரை நிமிஷத்துல ஓடணும். பட்டாளத்துக்கு 1600 மீட்டர், அஞ்சரை நிமிஷத்துக்குள்ள முடிச்சாத்தான் முழு மார்க்கு. மழையை நம்பி ஒரு போகம் எடுக்கிற ஊர்ல, அந்த ஏழு நிமிஷந்தான் ஒரு வீட்டோட தலையெழுத்து.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி எங்க தெருப் பையன் ஒருத்தன் என்கிட்ட வந்தான். “பெரியப்பா, கண்மாய்க்கரையில ஓடலாமா? அங்க முள்ளு எப்படிக் கிடக்கு?”ன்னு கேட்டான். கரை நெடுக சீமைக் கருவேலம் ரெண்டு பக்கமும் சாஞ்சு கூடாரம் போட்டிருந்துச்சு. ஆள் குனிஞ்சுதான் போகணும். நான்தான் சொன்னேன், “அங்கிட்டுப் போகாதே தம்பி, முள்ளு கண்ணைக் குத்திரும், பேசாம மெயின் ரோட்டுல ஓடு”ன்னு. அடுத்த மாசம் ஒரு நாள் விடியறதுக்கு முன்னாடி பின்னாடி வந்த வேன் ஒண்ணு அவனைத் தட்டிட்டுப் போயிருச்சு. உசுருக்கு ஒண்ணும் இல்லை. ஆனா கால்ல கம்பி வச்சுத்தான் நிக்கிறான். ஏழு நிமிஷம் வேண்டிய ஓட்டத்தை அஞ்சே முக்கால்ல ஓடிக்கிட்டிருந்தவன். இப்ப ஒரு செல்போன் கடையில உட்கார்ந்திருக்கான். என்னைப் பாத்தா இன்னைக்கும் “வாங்க பெரியப்பா”ன்னுதான் சொல்றான். அந்தச் சொல்லுக்கு என்னால முகம் கொடுக்க முடியலை.

அவன்கிட்ட நான் வேற பதில் சொல்லியிருக்கணும். “ரெண்டு நாள் பொறு தம்பி, அருவாளை எடுத்துட்டு நானும் வர்றேன்”னு சொல்லியிருக்கணும்.

சில பேர் கேப்பீங்க, தேர்வு நடக்கிறது சமமான மைதானத்துல, பிறகு எதுக்குக் கரடு முரட்டுல ஓடணும்னு. நியாயமான கேள்வி. நேரம் பாத்து ஓடுற வேகப் பயிற்சியைச் சமதரையில்தான் செய்யணும். அதுக்கு வாரத்துல ரெண்டு நாள் பள்ளிக்கூட மைதானம் போதும். மத்த நாள்ல மண் தரையில ஓடினா கணுக்கால், கெண்டைக்கால், இடுப்பு எல்லாம் வலுக்கும். ஒரே தார் ரோட்டுல, ஒரே மாதிரி அடியில தினமும் ஓடி, முன்னங்கால் எலும்பு வலிச்சு, தேர்வுக்கு முன்னாடியே நொண்டுற பிள்ளைக எத்தனை பேரை நான் பாத்திருக்கேன். மண்ணுல ஒவ்வொரு அடியும் வேற மாதிரி விழுறதால வலி ஒரே இடத்துல சேராது. எல்லாத்துக்கும் மேல, கண்மாய்க்கரையில வேன் வராது.

சமமான மைதானத்துலயும் காலை எங்க வைக்கிறோம்ங்கிறது எவ்வளவு பெரிய விஷயம்னு நம்ம மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புதுக்கோட்டை மாவட்டத்து லட்சுமணன், பட்டாளத்துல இருந்து ஓடினவர், 2017-ல புவனேஸ்வர்ல நடந்த ஆசிய தடகளப் போட்டியில 5,000 மீட்டர், 10,000 மீட்டர் ரெண்டுலயும் தங்கம் வாங்கினாரு. அடுத்த வருஷம் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுல 10,000 மீட்டர் ஓட்டத்தை மூணாவதா முடிச்சாரு. கால் தடத்தோட கோட்டைத் தாண்டி உள்பக்கம் பட்டிருச்சுன்னு சொல்லி அந்த வெண்கலத்தைக் கொடுக்கலை. இருபத்தஞ்சு சுத்து ஓடினவருக்கு ஒரு அடி தப்பினதுல பதக்கம் போச்சு. அன்னைக்கு டிவி முன்னாடி உட்கார்ந்து நானும் அழுதேன். அதே மாவட்டத்துக் கத்தக்குறிச்சிப் பொண்ணு சாந்தி 2006-ல தோஹாவுல 800 மீட்டர்ல ரெண்டாவதா வந்தாங்க. பாலினச் சோதனைன்னு சொல்லி அந்தப் பதக்கத்தையும் பிடுங்கினது தனிக் கதை. நான் சொல்ல வர்றது, இந்த மண்ணுல ஓடுற காலுக்குப் பஞ்சமில்லை. ஓடுற இடத்துக்குத்தான் பஞ்சம்.

இடம் இல்லைன்னு சொல்றதும் தப்பு. இடம் இருக்கு, முள்ளு மூடிக் கிடக்கு. அந்த ஓரியன்டியரிங் வரைபடக் கணக்குப்படி எங்க ஊருக்குப் படம் போட்டா, அறுத்த வயல் மஞ்சளா வரும், மிச்சம் பூராம் கரும்பச்சை. நான் பையனா இருந்தப்ப கண்மாய் உள்வாய் வெள்ளையா இருந்துச்சு. கோடையில தண்ணி வத்தினதும் நாங்க ஆட்டுக்குட்டி பின்னாடி குறுக்க மறுக்க ஓடுவோம். அன்னைக்கு இருந்தது நாட்டுக் கருவேலமும் பனையும். நிழலும் இருக்கும், இடையில ஓட இடமும் இருக்கும். சீமைக் கருவேலம் அப்படி இல்லை, தரையோட தரையா பரவி அடைச்சிரும். 2017-ல உயர் நீதிமன்றத்து மதுரைக் கிளை அதை வெட்டி எடுக்கச் சொன்னப்ப ஊர் ஊரா ஜேசிபி ஓடுச்சு. பிறகு நின்னு போச்சு. வெட்டின இடத்துல மறுபடி தழைச்சிருச்சு.

எல்லாத்தையும் அழிக்கணும்னு நான் கேக்கலை. அதை விறகா வெட்டியும், கரி மூட்டம் போட்டும் கஞ்சி குடிக்கிற குடும்பங்க இங்க இருக்கு. நான் கேக்குறது கண்மாய்க்கரை மேல ரெண்டு ஆள் சேர்ந்து ஓடுற அகலத்துக்கு, ரெண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு பாதை. பிறகு உள்வாயில ஒரு சுத்து. அவ்வளவுதான்.

இங்க ஒரு எச்சரிக்கை. பட்டணத்துலேருந்து நல்ல மனசோட வர்றவங்க, ஜேசிபியைக் கொண்டாந்து கரை மேல விட்டுப் புடுங்கிப் போட்டுட்டுப் போயிருவாங்க. கரையில வேரைப் புடுங்கினா அந்தக் குழி வழியா ஐப்பசியில தண்ணி கசியும், கரை உடையும். கரை மேல இருக்கிற மரத்தை ஆள் வச்சுத்தான் தோண்டி எடுக்கணும். குழியில கிடக்கிற வேர்த் துண்டைப் பொறுக்கி எடுத்துட்டு, களிமண் போட்டுத் தண்ணி விட்டு இடிச்சு இறுக்கணும். இந்த வேலையைப் பங்குனி சித்திரையில முடிக்கணும். ஜேசிபி உள்வாய்க்கு மட்டும். கண்மாய் பொதுச் சொத்து. கிராம சபையில தீர்மானம் போட்டு, அதிகாரிகள்கிட்ட எழுத்துல அனுமதி வாங்கிட்டுத்தான் கை வைக்கணும். மே 1-ம் தேதி கிராம சபை வருது, ஆனா அது வரைக்கும் பேசாம இருந்தா கோடை போயிரும். அதனால ஜனவரி 26 கூட்டத்துலயே நான் எந்திரிச்சுக் கேட்டேன். தீர்மானம் ஏறியிருக்கு. அனுமதிக்கு எழுதிப் போட்டிருக்கோம்.

இப்ப உங்ககிட்ட கேக்குற காரியம். இதைப் படிக்கிறவங்கள்ல முக்காவாசிப் பேருக்கு எங்கயாவது ஒரு சொந்த ஊர் இருக்கும். திருவிழாவுக்கு வர்றீங்க, பேனர் கட்டுறீங்க, வாணவேடிக்கை விடுறீங்க. வேண்டாம்னு சொல்லலை. அடுத்த தடவை வர்றப்ப விடியக்காலையில எந்திரிச்சு, உங்க ஊர்ப் பிள்ளைக எங்க ஓடுதுகன்னு போய்ப் பாருங்க. ரோட்டுல ஓடினா, உங்க ஊர்க் கண்மாய்க்கரை ஏன் மூடிக் கிடக்குன்னு நாலு பேரைக் கேளுங்க. வேடிக்கைக்கு ஆகுற செலவுல பாதியைக் கொடுத்தா பத்து ஆள் கூலிக்குக் காணும். காசு அனுப்புறதோட நிக்காம, நீங்களும் அந்தப் பிள்ளைகளோட ஒரு சுத்து ஓடுங்க. விழுவீங்க. பரவாயில்லை, மண்ணு மெத்துன்னுதான் இருக்கும்.

எங்க கரையில போன ஞாயித்துக்கிழமை நானும் நாலு பையங்களும் அருவாளோட போய், பாதையில சாஞ்சு கிடந்த கொப்பை மட்டும் கழிச்சோம். வேரைத் தொடலை, அனுமதி வரட்டும். முந்நூறு மீட்டர் ஆயிருக்கு. செல்போன் கடைத் தம்பியும் வந்தான். கம்பி வச்ச காலோட குனிய முடியாதுன்னு சொல்லி, வெட்டின முள்ளைக் கவைக் கம்பால தள்ளித் தள்ளி ஒதுக்கினான். கிளம்புறப்ப, “பெரியப்பா, ரெண்டு கிலோமீட்டரும் ஆனதும் எனக்குச் சொல்லுங்க. நேரம் பாக்க ஒரு ஆள் வேணும்ல”ன்னான்.

வர்ற ஞாயித்துக்கிழமையும் போறோம்.